கரைந்த சல்பேட்டா, ஒட்டிய சல்பேட்டா?

தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பேட்டும், இரும்பு ஆக்சைடின் மேல் ஒட்டிய சல்பேட்டும் வாய்பாட்டில் ஒன்றுதான். அகச்சிவப்பு நிறமாலைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

சல்பேட் ஒரு கந்தக அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் அமைந்த சமச்சீரான நான்முகி. கரைசலில் அதன் சீரற்ற நீட்சி அதிர்வுகள் (பிணைப்புகள் ஒன்றுபோல் நீளாத அதிர்வுகள்) மூன்றுக்கும் ஒரே ஆற்றல். அதனால் 1100 செ.மீ.⁻¹ (அலை எண், அதாவது ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகள்) அருகே ஒரே உட்கவர் பட்டைதான் தெரியும். ஓர் ஆக்சிஜன் இரும்போடு பிணைந்தால் சமச்சீர் குலைந்து பட்டை இரண்டாகும். இரண்டு ஆக்சிஜன்கள் பிணைந்தால் மூன்றாகும். அதுவரை மறைந்திருந்த சீர் நீட்சியும் (நான்கு பிணைப்புகளும் ஒருசேர நீளும் அதிர்வு) 980-ஐ ஒட்டித் தலைகாட்டும்.

இடைஞ்சல் தண்ணீர்தான். 1640-இலும் 3000 முதல் 3600 வரையிலும் அது அகச்சிவப்பைக் கடுமையாக உட்கவரும். அதனால் ஒளியைக் கரைசலின் ஊடே செலுத்தாமல், துத்தநாக செலினைடு படிகத்துக்குள் முழு அக எதிரொளிப்பு அடையச் செய்கிறார்கள். எதிரொளிக்கும் இடத்தில் ஒளி படிகத்துக்கு வெளியே ஒன்றிரண்டு மைக்ரான் மட்டும் கசிந்து தேய்கிறது. ஜெர்மேனியத்தில் இது இன்னும் குறைவு.

ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களைத் தண்ணீரில் கலக்கி (மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் போல), படிகத்தின் மேல் பரப்பி உலர்த்துங்கள். ஒட்டாத துகள்கள் போகும்வரை மெல்லக் கழுவுங்கள். பிறகு 0.01 மோலார் சோடியம் குளோரைடை ஓடவிட்டு, நிறமாலையின் அடிக்கோடு அசையாமல் நின்றதும் அதைப் பின்னணியாகப் பதியுங்கள். அதன் பிறகே 100 மைக்ரோமோலார் சல்பேட். இந்தச் செறிவில் கரைசலிலுள்ள சல்பேட் கிட்டத்தட்டத் தெரியாது. தெரிவது பரப்பில் சேர்ந்ததுதான்.

உப்பின் தேர்வு முக்கியம். குளோரைடு ஒற்றை அணு அயனி, அதிர்வதற்கு அதில் பிணைப்பே இல்லை. குளோரினோடு நான்கு ஆக்சிஜன்கள் பிணைந்த பெர்குளோரேட்டின் பட்டையோ 1100-இலேயே வந்து உட்காரும். அதைப் பயன்படுத்தினால் சல்பேட்டை மறந்துவிடலாம். காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்து, கார்பனேட்டாகப் பரப்பில் ஒட்டி, 1300 முதல் 1500 வரை பட்டைகள் தரும். கரைசலில் நைட்ரஜனைக் குமிழியிட்டு அதை வெளியேற்றுங்கள்.

அமிலத்தன்மை கூடினால் ஆக்சைடில் நேர்மின்னூட்டம் கூடிச் சல்பேட் அதிகம் ஒட்டும். ஆனால் பி.எச். 5-க்குக் கீழே துத்தநாக செலினைடு அரிக்கப்படும், நச்சான ஹைட்ரஜன் செலினைடும் வெளிவரலாம். அங்கே வைரப் படிகமே சரி.

சல்பேட் ஏறும்போது 1640 பட்டையும் சேர்ந்து வளர்ந்தால் படிகத்தின் மேலுள்ள ஹேமடைட் படலம் உரிகிறது, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்று சந்தேகியுங்கள். அந்த அளவீட்டைக் கைவிடுவதே நல்லது. சல்பேட் ஒட்டிய பிறகு மாதிரியை உலர்த்தி அளப்பதும் குறுக்குவழி ஆகாது: தண்ணீர் விலகியதும் பிணைப்பு முறையே மாறி, ஈரத்தில் இல்லாத பட்டைகள் தோன்றும்.