டார்சியை நாம் ஏன் உடனே மன்னிப்பதில்லை?

தலவாக்கலையில் உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் கற்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜேன் ஒஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் டார்சி முதலில் கர்வக்காரர், பிறகு பணிவுள்ளவராக மாறுகிறார் என்று வகுப்பில் தந்த குறிப்பை மனப்பாடம் செய்துவிட்டேன், சேர். ஆனாலும் என் மனத்தில் அவர் பழைய கர்வக்காரராகவே நிற்கிறார். இது என் குறையா?” குறையல்ல, மனித ஞாபகம் வேலை செய்யும் விதமே அப்படித்தான்.

ஒருவரைப் பற்றி முதலில் அறிவது ஆழமாகப் பதியும் என்பது பழைய செய்தி. 1946இல் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் புத்திக்கூர்மையில் தொடங்கிப் பொறாமையில் முடியும் ஆறு குணங்களை ஒரு குழுவுக்கு நேர்வரிசையிலும் இன்னொரு குழுவுக்குத் தலைகீழாகவும் வாசித்துக் காட்டினார். நல்லவற்றை முதலில் கேட்டவர்களே அந்தக் கற்பனை மனிதரைக் கூடுதலாக மதித்தார்கள். (மூல நட்சத்திரம் என்று கேட்ட மாத்திரத்திலேயே தொட்டிலில் கிடக்கும் பெண் குழந்தையின் எதிர்காலத்துக்குத் தீர்ப்பெழுதிவிடும் நம் பெரியவர்கள் முன் இந்தச் சோதனையை ஒருமுறை நடத்திக் காட்ட எனக்கு ஆசை.) 1813இல் வெளிவந்த இந்த நாவலின் ஆரம்பக் கையெழுத்துப் பிரதிக்கு ஒஸ்டின் ‘முதல் அபிப்பிராயங்கள்’ என்ற பொருளிலேயே பெயரிட்டிருந்தார்.

‘இவர் மாறிவிட்டார்’ என்று எழுத்தாளரே தெளிவாகச் சொன்ன பிறகும் பழைய பதிவு ஏன் விலகுவதில்லை என்பதே சுவையான கேள்வி. 1993இல் அல்பிரெக்ட், ஓபிரயன் என்ற இரு ஆய்வாளர்கள் வாசகர்களைக் கணினி முன் அமர்த்தி, ஒரு கதையை வரிவரியாகக் காட்டினார்கள். விசையை அழுத்தினால்தான் அடுத்த வரி தோன்றும். ஒவ்வொரு வரியிலும் வாசகர் எவ்வளவு நேரம் நின்றார் என்பதைக் கணினி குறித்துக்கொள்ளும். கதையில் மேரி கண்டிப்பான சைவ உணவுக்காரி என்று வருகிறது. பிறகு அதற்குத் தொடர்பில்லாத பல வரிகள் செல்கின்றன. கடைசியில் அவள் உணவகத்தில் இறைச்சி வைத்த சீஸ்பேர்கர் கொண்டுவரச் சொல்கிறாள். அந்த வரியில் வாசகர்களின் வேகம் குறைந்தது. இதில் வியப்பில்லை. 1998இல் ஓபிரயனின் குழு இன்னொரு வடிவத்தையும் சேர்த்தது: மேரி முன்னொரு காலத்தில் சைவமாக இருந்தாள், இப்போது இல்லை என்று கதையே அறிவித்துவிடுகிறது. வாசகர்கள் அப்போதும் தயங்கினார்கள்! முரண்பட்ட கதையில் தயங்கிய அளவுக்கு இல்லாவிட்டாலும், தயக்கம் இருக்கவே செய்தது.

இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு எளிதில் புரியும். பள்ளத்தாக்கைப் பார்த்து உரக்கக் கூவினால், எந்தப் பாறை பதில் தரவேண்டும் என்று ஒலி தேர்ந்தெடுப்பதில்லை; எதிரொலிக்கக்கூடிய பாறைகளெல்லாம் எதிரொலிக்கின்றன. அவ்வாறே நாம் வாசிக்கும் ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் முழுவதற்கும் ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. அதனோடு ஒத்துப்போகும் பதிவுகள், காலாவதியானவை உட்பட, நம் அனுமதி இல்லாமலே விழித்தெழுகின்றன. புதிய செய்தி பழையதன் மேல் எழுதப்படுவதில்லை, அதன் பக்கத்தில்தான் எழுதப்படுகிறது.

அப்படியானால் நாவலில் எவரும் மாறவே முடியாதா? முடியும், காரணம் சொல்லப்பட்டால். பனயோட்டா கெண்டியோவும் அவருடைய சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, மேரி ஏன் சைவத்தைக் கைவிட்டாள் என்பதைக் கதை விளக்கும்போது அந்தத் தயக்கம் அளவிட முடியாதபடி மறைகிறது. பழைய பதிவு அழிந்துவிடுவதில்லை. காரணங்களோடு பின்னப்பட்ட புதிய பதிவுக்கு இணைப்புகள் அதிகம் என்பதால் அதன் குரல் மேலோங்கி, பழையது அடங்கிப்போகிறது.

ஒஸ்டின் இதையே 36ஆம் அத்தியாயத்தில் செய்துகாட்டுகிறார் என்று எண்ணும்போது எனக்குப் புல்லரிக்கிறது. தன்னை மணக்கக் கேட்ட டார்சியைக் கண்டித்து மறுத்துவிட்ட நாயகி எலிசபெத், அவர் தன் பக்க நியாயத்தை விளக்கி எழுதிய கடிதத்தை முதலில் நம்ப மறுக்கிறாள். மறுபடி எடுத்து, வரிவரியாக நிறுத்தி வாசிக்கிறாள். வாசித்தபடியே பழைய சம்பவங்களுக்குத் திரும்பிப் போகிறாள். டார்சி தனக்கு அநீதி இழைத்ததாகச் சொல்லித் திரிந்த இளம் படை அதிகாரி விக்கம், அறிமுகமில்லாத தன்னிடம் ஏன் அவ்வளவு கதையையும் கொட்டினான்? டார்சிக்கு அஞ்சமாட்டேன் என்று வீரம் பேசியவன் ஏன் நெதர்பீல்ட் நடனத்துக்கு வரவில்லை? ஒவ்வொரு பழைய பதிவிலும் புதிய காரணம் ஒன்று முடிச்சிடப்படுகிறது. அவளோடு சேர்ந்து நாமும் முடிச்சிடுகிறோம். இந்த இடத்தில் மாறுவது டார்சி அல்லர், அவரைப் பற்றிய நம் பதிவுதான். எலிசபெத்தே பின்னர் விக்கமிடம் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறாள். டார்சியின் உண்மையான மாற்றத்துக்கு 58ஆம் அத்தியாயம்வரை காத்திருக்க வேண்டும். அங்கும் அவர் திருந்திவிட்டதாக வெறுமனே அறிவிப்பதில்லை: நல்ல கொள்கைகளைக் கற்பித்த பெற்றோர் செல்லம் கொடுத்துக் கெடுத்ததையும், எலிசபெத்தின் ஒரு கண்டனம் தன்னை எவ்வளவு காலம் வதைத்தது என்பதையும் சொல்கிறார். அவள் தங்கை லிடியாவோ கடைசிவரை லிடியாதான்.

ஆகவே தங்கச்சி, ‘முதலில் கர்வம், பின்னர் பணிவு’ என்ற வகுப்புக் குறிப்பு, காரணம் சொல்லாத மேரியின் கதையைப் போன்றது. அந்த இரு அத்தியாயங்களையும் மூலத்திலேயே வாசித்துப் பாருங்கள்.

இத்தகைய சோதனைக்குக் கணினியும், கவனமாக எழுதிய சில கதைகளும், பொறுமையுள்ள வாசகர்களும் போதும். பெருங்கருவிகளுக்குப் பணமில்லை என்று கைவிரிக்கும் நம் பல்கலைக்கழகங்கள் இதைத் தமிழில் செய்யலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால், வாசகர் ‘சீஸ்பேர்கர்’ என்ற சொல்லிலேயே தயங்குவாரா, ‘கொண்டுவரச் சொன்னாள்’ என்பதுவரை பொறுத்திருப்பாரா என்று ஹற்றன் மாணவர்களை வைத்தே அளந்துவிடலாம்.