மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், திரையில் வருவது 60: கேபிள் வாங்கும் முன்

புது 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கி, பழைய மானிட்டரின் கேபிளையே அதில் மாட்டிவிட்டு, "பெரிசா வித்தியாசம் ஒண்ணும் தெரியலையே சார்" என்று சர்வீஸுக்கு வருபவர்கள் நிறைய. பெட்டியோடு வந்த கேபிள் பிரிக்கப்படாமலே கிடக்கும். திரையில் ஓடுவது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான்.

உடனே கடைக்கு ஓட வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 144 பட்டியலில் இருந்தும் யாரும் தேர்ந்தெடுக்காமல் விட்டிருக்கலாம். அப்புறம், கேபிளின் மறுமுனை கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறதா? கார்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு மதர்போர்டு போர்ட்டில் செருகியிருப்பதை இன்றும் பார்க்கிறேன்.

இரண்டும் சரி என்றால் கணக்குக்கு வருவோம். 2560 × 1440 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 24 பிட் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 8), நொடிக்கு 144 முறை: பெருக்கினால் சுமார் 12.7 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் படத்துக்குக் கிடைப்பது 8.16 ஜிகாபிட்தான். எச்டிஎம்ஐ 2.0-இல் 18 என்று போட்டிருந்தாலும் கையில் நிற்பது 14.4. அதில் இந்தப் படம் ஒட்டி உரசிக்கொண்டு போய்விடும், ஆனால் ஒரு நிறத்துக்கு 8-க்குப் பதில் 10 பிட் கேட்டால் இடம் போதாது. அப்போது நிறத் தகவலைக் குறைத்து அனுப்பும்படி ஆகும், சிவப்பு எழுத்துகளின் ஓரம் மங்கும். மானிட்டர்களில் இருக்கும் இன்னொரு வகை போர்ட்டான டிஸ்பிளேபோர்ட்டில், 1.2-இலேயே 17.28 இருப்பதால் கவலையில்லை. 4கே (3840 × 2160 புள்ளிகள்) 144 என்றால் டிஸ்பிளேபோர்ட் 1.4-இன் 25.92-உம் போதாது. டிஎஸ்சி என்ற சுருக்கும் முறையைக் கார்டும் மானிட்டரும் இரண்டுமே ஆதரிக்க வேண்டும். கார்டு, கேபிள், மானிட்டர் மூன்றில் எது மெதுவோ அதன் வேகம்தான் கிடைக்கும். ஒரே மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட்டுக்கு ஒரு வேகமும் எச்டிஎம்ஐக்கு அதைவிடக் குறைந்த வேகமும் இருப்பது சகஜம். அதைப் பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.

கேபிள் வாங்கும்போது உறைமேல் இருக்கும் "2.1", "8கே", "தங்க முலாம்" எதையும் நம்பாதீர்கள். எச்டிஎம்ஐ கேபிளுக்கு வெர்ஷன் எண்ணே கிடையாது. 18 ஜிகாபிட் தேவைக்குப் பிரீமியம் ஹைஸ்பீட், 48-க்கு அல்ட்ரா ஹைஸ்பீட் என்ற பெயர் இருக்க வேண்டும். அல்ட்ரா ஹைஸ்பீட் பெட்டியின் க்யூஆர் ஸ்டிக்கரை அதற்கான செயலியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். டிஸ்பிளேபோர்ட்டில், அந்தத் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பின் சான்று பெற்ற டிபி8கே கேபிள் 1.4 வேகத்துக்குப் போதும். டிபி40, டிபி80 எல்லாம் டிஸ்பிளேபோர்ட் 2.1 சாதனங்களுக்கு.

சான்றில்லாத டிஸ்பிளேபோர்ட் கேபிளில் இன்னொரு வம்பு உண்டு. போர்ட்டின் 20-ஆம் பின்னில் (ஊசியில்) 3.3 வோல்ட் இருக்கும். சாதாரண கேபிளில் அந்தப் பின்னுக்குக் கம்பியே ஓடக்கூடாது. ஓடினால், கணினியை அணைத்த பிறகும் மானிட்டரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் கசியலாம். கணினி ஒழுங்காக பூட் ஆகாமல் போகலாம். பவர் சப்ளையையும் ரேமையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் பலர் கேபிளைச் சந்தேகிக்கிறார்கள்.

நீளம் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஐந்து, பத்து மீட்டர் வேண்டும் என்றால் ஆப்டிகல் கேபிளைப் பார்க்கலாம். அதில் எந்த முனை கணினிக்கு, எந்த முனை மானிட்டருக்கு என்று குறித்திருக்கும், மாற்றிச் செருகினால் படம் வராது. டிஸ்பிளேபோர்ட்–எச்டிஎம்ஐ கேபிளும் ஒருவழிப் பாதைதான். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்பிலிருந்து டிஸ்பிளேபோர்ட் மானிட்டருக்குப் போக, தனியாக மின்சாரம் எடுக்கும் கன்வெர்ட்டர் தேவை.

144 வைத்ததும் திரை ஒரு நொடி கருத்துத் திரும்பினாலோ, புள்ளிகள் மின்னினாலோ 120-க்கு இறக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். 60-இலும் தொடர்ந்தால், புதுக் கேபிளுக்குக் காசு போடும் முன் மானிட்டரை வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.