ஸ்டீராய்ட ஏன் பைய பைய நிறுத்தணும்?

மேலூர்ல இருந்து ஒரு வாசகி கேட்ருக்காங்க. புள்ளைக்கு இளைப்பு, டாக்டர் மூணு நாளைக்கு ஓம்னாகார்ட்டில் சிரப் எழுதிருக்காரு, மெடிக்கல்ல "இது ஸ்டீராய்டும்மா"ன்னு சொல்லவும் மாமியா "எலும்ப அரிச்சிரும், குடுக்காத"ன்னு பாட்டில எடுத்து வச்சுட்டாங்களாம். அதே தெருவுல இன்னொரு புள்ளைக்கு முகம் காலெல்லாம் வீங்கி, கிட்னி வழியா புரோட்டீன் ஒழுகுதுன்னு இதே மருந்த மாசக்கணக்குல குடுக்குறாங்க, அங்க டாக்டர் "நீங்களா நிறுத்திறாதீங்க"ன்னு மெரட்டி அனுப்புறாராம். இங்கிட்டு குடுக்கப் பயம், அங்கிட்டு நிறுத்தப் பயம், எது சரி? ரெண்டு டாக்டரும் சரிதான்.

மொதல்ல, ஜிம்ல உடம்ப ஏத்தப் போடுற ஸ்டீராய்டு வேற, அது ஆண் ஹார்மோன் வகை. இது கார்ட்டிசால் வகை, கிட்னி மேல உக்காந்திருக்க அட்ரீனல் சுரப்பி தினமும் தானே செய்யிற சரக்குதான். 1948ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ஹென்ச்ங்கிற டாக்டர் முடக்குவாதத்துல கெடந்த ஒரு பொண்ணுக்கு இந்த வகை ஊசி போட, சில நாள்லயே அந்தம்மா எந்திரிச்சு நடந்துட்டாங்க, 1950ல நோபலே குடுத்துட்டாங்க. மருந்து செல்லுக்குள்ள போயி ரிசெப்டார்ங்கிற புரதத்துல ஒட்டி, நியூக்ளியஸ் வரைக்கும் போயி, வீக்கத்தக் கெளப்புற ஜீன்கள அடக்குது. ஜீன் வழியா நடக்குற வேலைங்கிறதால சில மணி நேரம் ஆகும், அரை மணில இளைப்பு நிக்கலன்னு இன்னொரு டோஸ் ஊத்தக் கூடாது.

எனக்கு ரெம்பப் புடிச்ச எடம் இனிமேதான். மூளைல ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோன விட்டு பிட்யூட்டரி சுரப்பிய எழுப்பும், பிட்யூட்டரி ஏசிடிஎச்ன்னு ஒண்ண ரத்தத்துல விடும், அது அட்ரீனலுக்குப் போயி வேலைய ஆரம்பிச்சு விடும், கார்ட்டிசால் போதுமான அளவு ஏறுனதும் அதே கார்ட்டிசால் மேல போயி மொதல் ரெண்டு பேரையும் அடக்கிரும். மாடி டேங்க் நெறஞ்சா மோட்டார் தானா நிக்கிற ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச்தான் இது. இப்ப நீங்க தினமும் லாரித் தண்ணிய வாங்கி டேங்க நெறச்சுக்கிட்டே இருந்தா ஸ்விட்ச் மோட்டாரப் போடவே போடாது, மாசக்கணக்குல ஓடாத மோட்டார் ஜாம் ஆயிரும்.

எவ்வளவு தண்ணி ஊத்துறோம்னு ஒரு கணக்கு போடுவோம். புள்ளையோட அட்ரீனல், உடம்புப் பரப்புல ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு சுமாரா 6லருந்து 8 மில்லிகிராம் கார்ட்டிசால் செய்யும். அந்த ரெண்டாவது புள்ளைக்கு இருக்க கிட்னி நோய்க்கு, அதாவது நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமுக்கு, ஆரம்பத்துல குடுக்குறது அதே பரப்புக்கு 60 மில்லிகிராம் பிரட்னிசோலோன், ஓம்னாகார்ட்டில்ல இருக்க மருந்து அதுதான். பிரட்னிசோலோன் கார்ட்டிசால விட நாலு மடங்கு வீரியம், அப்ப 240க்கு சமம், உடம்பு செய்யிறதுல 30லருந்து 40 மடங்கு! இதுல இன்னொரு சங்கதி, ஏசிடிஎச் வெறும் உத்தரவு மட்டும் இல்ல, அட்ரீனல உயிரோட வச்சிருக்கதே அதுதான், அது வராம போனா சுரப்பி நெசமாவே சுருங்கிப் போகும். மருந்த நிறுத்துனா மொதல்ல பிட்யூட்டரி முழிக்கும், அட்ரீனல் பின்னாடிதான் எந்திரிக்கும், முழுசா தேற சில புள்ளைகளுக்கு மாசக்கணக்கு கூட ஆகும். அந்த இடைவெளில ஒரு நல்ல காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தா, சாதாரணமா உடம்பு பல மடங்கு கார்ட்டிசால் சுரக்கும், இந்தப் புள்ளையால முடியாது. வாந்தி, மயக்கம், சுகர் எறங்கும், பிரஷர் எறங்கும், உயிருக்கே ஆபத்து. பைய பைய நிறுத்தச் சொல்றது இதுக்குத்தான். அதனால நீண்ட கோர்ஸ் எடுத்த புள்ளைன்னா, நிறுத்தி சில மாசம் ஆயிருந்தாலும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொத வார்த்தையா அத சொல்லுங்க.

நெஃப்ராட்டிக்குக்கு மொத ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் காலைல குடுக்குறதுல இருக்க அழகு இப்ப புரியும். நம்ம சொந்த கார்ட்டிசாலும் காலைலதான் உச்சத்துல இருக்கும், பிரட்னிசோலோன் வேகம் ஒண்ணு ஒண்ணரை நாளுக்குள்ள எறங்கிரும், மருந்து இல்லாத நாள்ல மோட்டாருக்கு ஓட ஒரு சான்ஸ். டெக்ஸாமெத்தசோன்ங்கிற இன்னொரு ஸ்டீராய்டு இந்த வேலைக்கு ஆகாது, ரெண்டு நாள் வரைக்கும் அடக்கி வச்சிரும்.

மூணு நாள், அஞ்சு நாள் கோர்ஸ்ல சுரப்பி சுருங்குற அளவுக்கு போகாது, அப்படியே நிறுத்தலாம். கொஞ்சம் பசி எடுக்கும், ராத்திரி ஆட்டம் போடும், அவ்வளவுதான். இன்ஹேலர் இன்னும் கம்மி, அதுல மைக்ரோகிராம் கணக்கு, நேரா நுரையீரலுக்கு. வருசக்கணக்கா பியூடெசோனைட்ங்கிற ஸ்டீராய்ட இன்ஹேலர்ல இழுத்த புள்ளைங்க பெரியவங்களானப்ப சராசரியா 1.2 செ.மீ. உயரம் கொறஞ்சதுன்னு அமெரிக்க ஆய்வு காட்டுச்சு, அத மறைக்க வேண்டியதில்ல, ஆனா இளைப்ப அடக்காம விட்டா போறது மூச்சு.

குடுக்கத் தேவையில்லாத எடமும் இருக்கு, எல்லா டாக்டருமே இதுல கரெக்டா இருக்காங்கன்னு சொல்ல மாட்டேன். க்ரூப்னு தொண்டை வீங்கி நாய் குரைக்கிற மாதிரி வர்ற இருமலுக்கு ஒத்த டோஸ் டெக்ஸாமெத்தசோன் அருமையா கேக்கும், கைக்குழந்தைக்கு வைரஸால நுரையீரலோட சின்னக் குழாய்ங்க வீங்குற பிராங்கியோலைட்டிஸ்ல அதே மருந்து உதவாது, வெளிய கேக்குறவங்களுக்கு ரெண்டும் சளிதான். அதவிட என் கோவம் வேற எடத்துல. சித்திரை வெயில்ல வேர்க்குரு, அரையில புண்ணுன்னு போனா சீட்டே இல்லாம குளோபெட்டசால்ங்கிற வீரியமான ஸ்டீராய்டு கிரீமத் தூக்கிக் குடுக்குற கடைங்க இருக்கே, கைக்குழந்தைக்கு தோல் மெலிசு, எடைக்கு தோல் பரப்பு ஜாஸ்தி, மேல டயப்பர் வேற இறுக்குது, மருந்து ரத்தத்துக்கே போயி முகம் உப்பிரும், "புள்ள நல்லா கொழுகொழுன்னு ஆயிருச்சு"ன்னு திருஷ்டி சுத்திப் போடுவாங்க. பேர் இல்லாத இளைப்புப் பொடிகள்ல ஸ்டீராய்டக் கலந்து வித்ததும் நம்ம நாட்டுல பிடிபட்டிருக்கு, "இங்கிலீஸ் மருந்து வேணாம்"னு அங்க போறவங்கதான் அளவே தெரியாம திங்கிறாங்க.

நெஃப்ராட்டிக்குக்கு ஆறும் ஆறும் பன்னெண்டு வாரம்னு சொன்ன அந்த மூணு மாசக் கணக்கும் சும்மா வரல. ஆறு மாசம் குடுத்தா நோய் திரும்ப வர்றது கொறையுமோன்னு இந்தியாவுலயே சோதிச்சுப் பாத்தாங்க, பெருசா பிரயோஜனம் இல்லன்னு 2015ல வெளியாச்சு. எத்தனை புள்ளைகளுக்கு வீணான மூணு மாச மருந்து மிச்சம்! ஆனா கொறச்சுக் குடுத்தாலே போதும்னு நிரூபிக்க எந்தக் கம்பெனிக்காரன் காசு போடுவான், அதுவும் பேட்டன்ட் எப்பவோ முடிஞ்சு, மாத்திரை சில ரூபாய்க்கு விக்கிற மருந்துக்கு? இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அரசாங்கம்தான் போடணும், இப்ப போடுறது பத்தாது.