ஏற்றத்தில் இழுவை இல்லையா? பிளக்கில் கை வைக்குமுன் இதைப் படியுங்கள்

போன வாரமும் என் கராஜுக்கு ஒன்று வந்தது. மூன்று சிலிண்டர் கார், லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு ஸ்பார்க் பிளக் (சிலிண்டருக்குள் பெற்றோலைப் பொறியால் பற்றவைக்கும் பாகம்) எஞ்சினின் ஹெட்டுக்குள்ளேயே உடைந்து, மரைப் பகுதி, அதாவது திருகிப் பூட்டும் புரி, உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் கையில் புது பிளக் செட், பெட்டிகூடப் பிரிக்கவில்லை. "இழுவை குறைஞ்சு போச்சு பாஸ், அதான் நானே மாத்துவோம்னு பார்த்தேன்" என்றார். உடைந்ததை எடுத்து, மரையைச் சரிசெய்த பிறகு பார்த்தால், எயார் ஃபில்டர் தேயிலைத் தோட்டத்து மண் பாதையின் தூசி முழுவதையும் குடித்து அடைத்திருந்தது. மற்ற இரண்டு பழைய பிளக்கிலும் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் வேலை செய்வதை நான் குறை சொல்லவில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது, இருந்த வண்டியைத்தான் எல்லாரும் தட்டிக்கொட்டி ஓட்டினோம். 2025இல் இறக்குமதி திறந்தும் புது வண்டி விலை நமக்கு எட்டுகிற மாதிரி இல்லை. பிளக் மாற்றுவது பொறுமையுள்ள யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. கோளாறு என்னவென்று பார்க்காமலேயே ஸ்பேனரைத் தூக்குகிறீர்களே, அதுதான் எரிச்சல்.

மலையகத்தில் இந்த நம்பிக்கை ஊறிப்போய்விட்டது: மேட்டில் இழுக்கவில்லையா, பிளக் போயிற்று. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இதே சந்தேகத்தோடு என் கராஜில் வந்து நிற்பார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரம். ஹட்டனே 1200 மீற்றருக்கு மேல். உயரம் கூடக்கூடக் காற்று ஐதாகும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். அப்படியானால் நுவரெலியாவில் உங்கள் சின்னக் காரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இல்லை. அதில் ஐந்து பேர், பெட்டி படுக்கை, ஏசி வேறு. வண்டிக்கு ஒன்றுமே இல்லை ஐயா, இறங்கிப் போனால் தானாகவே சரியாகிவிடும்.

காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்) வைத்த பழைய வான், ஆட்டோக்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கீழே சரியாக இருந்த பெற்றோல் அளவு இங்கே மேலே கூடுதலாகிவிடும், பிளக் நுனியில் கரி படியும். அந்தக் கரியைப் பார்த்ததும் புது பிளக் போடுவார்கள், கொஞ்ச நாளில் அதிலும் கரி. லயத்துக் கூரை ஒழுகும்போது தகரத்தைப் பார்க்காமல் கீழே வைத்த வாளியை மாற்றிக்கொண்டிருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? காபரேட்டரையும் எயார் ஃபில்டரையும் கவனியுங்கள்.

இழுவை குறைவது வேறு, எஞ்சின் மிஸ் ஆவது, அதாவது ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் தப்புவது, வேறு. இழுவை குறைந்தால் சத்தம் சீராகவே இருக்கும், வேகம்தான் வராது. மிஸ் ஆனால் தாளம் தப்பும், ஸ்டியரிங்கில் உதறல் தெரியும், சைலன்சரில் எரியாத பெற்றோல் வாடை அடிக்கும். எஞ்சின் மட்டும் அலறி வண்டி ஏறாமல் நின்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. அதற்கும் பிளக் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பார்க் பிளக்கே இல்லாத டீசல் வானுக்கு அதைக் கேட்டு வந்தவரைப் பற்றி இங்கே எழுத வேண்டாம், அவர் நல்ல மனுஷன்.

உண்மையான மிஸ் பெரும்பாலும் ஏற்றத்தில்தான் முகம் காட்டும். முற்றத்தில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கும். இறம்பொடை வளைவிலோ கினிகத்தேனை ஏற்றத்திலோ மூன்றாவது கியரில் மிதித்தால் உதறும். பாரம் ஏறும்போது பொறி பாய அதிக வோல்ட் தேவை, பிளக்குக்கு அந்த வோல்ட்டைத் தரும் கொயில் பலவீனமாக இருந்தால் அங்கே கைவிட்டுவிடும். பழைய வண்டிகளில், பனியும் ஈரமுமான காலையில் மட்டும் மிஸ் ஆகி, சூடேறியதும் நின்றுவிட்டால் பிளக் வயரையும், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் சந்தேகப்படுங்கள். விரிசல் இருந்தால், இருட்டில் பொனட்டைத் திறந்தால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கண்ணால் பார்த்தால் போதும், கையை விடாதீர்கள்.

அடுத்து, எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது நம் அப்பா காலத்து வித்தை. இன்றைய கொயில்கள் பல்லாயிரம் வோல்ட் தரும். அடித்தால் கை உதறி ஃபேனில் போய் விழும், கொயிலும் கெடும். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்து, செல்ஃப் அடித்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பதும் வேண்டாம். திறந்த துளையால் பெற்றோல் ஆவி பீச்சும், பக்கத்திலேயே பொறி. இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

வண்டியின் கணினியிலிருந்து கோளாறு எண்ணைப் படிக்கும் மலிவான ஸ்கேனர் ஒன்று போதும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, பி0300 என்றால் ஒன்றில் நிலைக்காமல் மாறிமாறி மிஸ் ஆகிறது. (ஜப்பான் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்த பழைய வண்டிகள் சிலவற்றில் இந்த மலிவு ஸ்கேனருக்கு வாயே திறக்காது, ஸ்கேனரைத் திட்டாதீர்கள்.) இரண்டாவது சிலிண்டரில் மிஸ் என்றால் அதன் கொயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் கொயில்தான். நகராவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதுவும் நகராவிட்டால் இன்ஜெக்டர், வால்வ், கம்ப்ரெஷன் என்று போகும், அதற்குக் கராஜ் வேண்டும். கொயிலைத் தூக்கும்போது பிளக் இருக்கும் குழிக்குள் எண்ணெய் நின்றால் டாப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) சீல் போயிருக்கிறது, அதை மாற்றாமல் பிளக் போட்டுப் பலனில்லை. ஹைபிரிட் வண்டியில் உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற வயர் பக்கமே போகாதீர்கள்.

சரி, பிளக்தான் என்று தெரிந்துவிட்டது. எஞ்சின் ஆறட்டும். ராத்திரி நிறுத்தி விடியக்காலை செய்வது உத்தமம், நம் ஊர்க் குளிர் அதற்காவது உதவட்டும். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு கழற்றினால் மரை பிளக்கோடு வந்துவிடும். கழற்றுமுன் சைக்கிள் பம்பால் குழியை ஊதுங்கள், ஒரு மணல் விழுந்தாலும் சிலிண்டருக்குத்தான் போகும். புதியதைக் கையால், ஆழமான குழி என்றால் நுனியில் ரப்பர் குழாயைச் செருகி, சுற்றிவிடுங்கள். ரென்ச் கடைசியில்தான். கோணலாக ஏறினால் கைக்கே தெரியும், ரென்ச்சுக்குத் தெரியாது. கையால் இறுகிய பிறகு, வாஷர் உள்ள 14 மில்லிமீற்றர் புது பிளக்குக்கு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான். இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச் இருந்தால் 25 நியூட்டன் மீற்றர் அளவில். வாஷர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு சுற்று போதும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், தடவினால் உங்களுக்குத் தெரியாமலே கூடுதலாக இறுகும். பைப் போட்டு நீட்டிய ஸ்பேனரோடு வருகிறவர்களுக்கு நான் தேநீர்கூடக் கொடுப்பதில்லை.

ஆட்டோ தம்பிமாரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இரிடியம் பிளக்கை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்த ஊசி நுனிக்காகத்தான் அவ்வளவு காசு கொடுத்தீர்கள். வெள்ளைப் பீங்கானின் கீழே, உலோகத்தை ஒட்டி ஒரு பழுப்புக் கறை இருந்தால் காஸ் கசிகிறது என்று தூக்கிப்போடவும் வேண்டாம், அது மின்னழுத்தத்தால் எண்ணெய்த் தூசி ஒட்டுவது. உள் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் அது ஆரோக்கியம்.

பிளக் எண்ணை மாற்றி வாங்காதீர்கள். என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் குளிர்ந்த பிளக் (சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துவது), பொஷ்ஷில் அப்படியே தலைகீழ். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் கடையை மாற்றுங்கள். போலிப் பெட்டிகளும் சந்தையில் நிறைய உண்டு. வாங்குமுன் எத்தனை வேண்டும் என்றும் பாருங்கள். ஐ-டிஎஸ்ஐ எஞ்சின் உள்ள பழைய ஹொண்டா ஃபிட்டில் நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். முன்னால் உள்ள நான்கை மட்டும் மாற்றிவிட்டு "இன்னும் மிஸ் ஆகுது" என்று வருவார்கள், பின்னால் நான்கு அப்படியே துருவேறிக் கிடக்கும்.

ஏற்றத்தில் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெற்றோல், புகையைச் சுத்தம் செய்யும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரில் போய் எரிகிறது, அப்படியே வீடு வரை இழுத்தால் ஒரு கொயிலோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகும்.

மாற்றியும் மிஸ் நிற்கவில்லையா, வாருங்கள், பார்ப்போம். ஆனால் கழற்றிய பிளக்குகளைக் கழுவாமல், தேய்க்காமல், எது எந்த சிலிண்டர் என்று எழுதித் தனித்தனியாகத் தாளில் சுற்றி எடுத்து வாருங்கள். பாதி வேலை எனக்கு அதிலேயே முடிந்துவிடும்.