பழவேற்காடு ஏரிக்கு எந்த விதி பொருந்தும்?

ஈரநிலம் என்றவுடன் 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளே நினைவுக்கு வரும் என்றாலும், கடலையும் உப்பங்கழிகளையும் ஒட்டிக் கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் உட்பட்ட பகுதிகளை அவ்விதிகள் தம் வரம்பிலிருந்து விலக்கிவிடுகின்றன. எனவே திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரிக்காக மனு எழுதுவோர், அது பறவைகள் சரணாலயம் என்பதால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டத்தையும், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையையுமே சுட்ட வேண்டும்.

இந்த ஏரியின் நலம் முகத்துவாரத்தைப் பொறுத்தது. கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் அதை அடைத்துவிட்டால், கோடையில் கடல்நீர் வரத்தின்றி, ஏரிநீர் ஆவியாகி உப்பு ஏறுகிறது. மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் வடிய வழியின்றித் தேங்குகிறது. கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வருவதும் தடைபடுகிறது. கடல்நீரின் இயல்பான போக்கைத் தடுக்கும் கரைகளையும், நிலமாக மாற்ற நீர்ப்பரப்பை மேடுபடுத்துவதையும் தடை செய்யும் கடலோர மண்டல அறிவிக்கை, மணல்திட்டு உருவாகாமல் தடுக்கும் பணி உள்ளிட்ட சிலவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஒடிசாவின் சிலிக்காவில் 2000-ஆம் ஆண்டு புதிய முகத்துவாரம் வெட்டப்பட்ட பின் மீன்வளம் மீண்டது. ஆபத்திலுள்ள ஈரநிலங்களுக்கான மோன்த்ரே பதிவேட்டிலிருந்து அந்த ஏரி 2002-இல் நீக்கப்பட்டது. ஆயினும் தூர்வாரிவிட்டுப் போனால் மணல் திரும்பவும் சேரும் என்பதால், தொடர்ந்து பராமரிக்க ஏற்பாடில்லாத அனுமதியால் பெரிய பயனில்லை.

ஓதம் (கடல்நீர் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) எட்டும் நீர்நிலைகளின் கரையில் 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இவற்றுள் எது குறைவோ அதுவரை 2011 அறிவிக்கையின் கட்டுப்பாடு இருந்தது. 2019 ஜனவரி 18 அன்று வெளியான அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆக்கியது. எனினும் புதிய அறிவிக்கைக்கேற்பத் திருத்தப்பட்ட கடலோர மேலாண்மைத் திட்டம் (மண்டல எல்லைகளை வரைபடத்தில் குறிக்கும் ஆவணம்) ஒப்புதல் பெறும்வரை பழைய அளவே செல்லும். வரைவுத் திட்டம் மக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போது மீன்பிடிக் கிராமங்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டைத்தான்.

விதிமீறலைக் கண்காணிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் மூவராவது இடம்பெற வேண்டும் என்பது அறிவிக்கையிலேயே உள்ள உரிமை. புகாரில் இடத்தின் புல எண்ணையும், உயர் ஓதக் கோட்டிலிருந்து (ஓதத்தின்போது நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து) அதன் தொலைவையும், தேதியிட்ட படங்களையும் சேர்ப்பது நல்லது.