சமவுயரக் கோட்டை விளிம்புக் கோடு என்று எழுதாதீர்கள்

மழைக்காலம் தொடங்கும் முன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவு பற்றி ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். சுவரில் பெரிய படம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள், அதில் பழுப்பு நிறத்தில் நெளிநெளியாகக் கோடுகள், கீழே குறிவிளக்கத்தில் "விளிம்புக் கோடு" என்று அச்சடித்திருந்தது. பேச வந்தவரும் அதையே ஏழெட்டுத் தடவை சொன்னார். கடைசியில் கொழுந்தெடுத்து ஓய்ந்த பாட்டி ஒருவர் எழும்பி, "தம்பி, எங்க லயம் அந்தக் கோட்டுக்கு உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு.

பாட்டி கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. விளிம்பு என்றால் ஒன்று முடிகிற இடம். சட்டியின் விளிம்பு, கிணற்றின் விளிம்பு. மண்சரிவுப் படத்தில் விளிம்புக் கோடு என்று போட்டால், ஆபத்து அதோடு முடிகிறது, அதற்கு அங்காலே வீடு இருந்தால் தப்பினோம் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கோட்டுக்கும் ஆபத்தின் எல்லைக்கும் சம்பந்தமே இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்து இழுத்த கோடு அது. புவியியல் பாடத்தில் நாங்கள் எல்லோரும் படித்த சமவுயரக் கோடு.

தவறு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆங்கிலத்தில் இதற்குக் கொன்டூர் என்று பெயர். இத்தாலியத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல், சுற்றிவருவது, உருவத்தின் வெளிக்கோட்டை வரைவது என்று பொருள்; அதற்கும் பின்னால் லத்தீனில் கடைசல் பிடிப்பது என்ற வினை நிற்கிறது. ஓவியர்கள் முகத்துக்கும் உடம்புக்கும் வெளிக்கோடு போடச் சொன்ன சொல் பிறகு மலைக்கு வந்தது. ஸ்கொட்லாந்தில் ஷிஹாலியன் என்ற மலையை வைத்துப் பூமியின் அடர்த்தியைக் கணிக்க 1774இல் அளவெடுக்கத் தொடங்கினார்கள். குவிந்த உயர எண்களோடு மல்லுக்கட்டிய கணித அறிஞர் சார்ல்ஸ் ஹட்டன், ஒரே உயரப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பார்த்தார், மலையின் உருவம் தாளில் தெரிந்தது. ஆற்றின் ஆழத்தைக் காட்ட ஒல்லாந்தர் அதற்கு முன்பே இப்படிக் கோடு போட்டிருந்தார்கள். சரி, வரலாறு இவ்வளவு போதும்.

மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்து ஓவியக்காரரின் பொருளை எடுத்துப் படத்தில் ஒட்டிவிட்டார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இதே கோட்டுக்கு அறிவியலில் ஐசோஹிப்ஸ் என்று இன்னொரு பெயர் உண்டு. கிரேக்கத்தில் ஐசோஸ் என்றால் சமம், ஹிப்சோஸ் என்றால் உயரம். சமவுயரம் என்ற நம்முடைய சொல் அதோடு அப்படியே பொருந்தி நிற்கிறது, கொன்டூரை விடத் தெளிவாகவும் இருக்கிறது. சமவெப்பக் கோடு, சமவமுக்கக் கோடு, சமமழைக் கோடு என்று ஒரு குடும்பமே கூட இருக்கிறது. ஒன்றைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மற்றவை தானாகப் புரியும். விளிம்புக் கோட்டுக்கு அப்படி ஓர் உறவும் கிடையாது.

"வளைகோடு" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். படத்தில் ஆறும் வளைந்துதான் போகிறது, பாதையும் வளைந்துதான் போகிறது, அப்புறம் எது வளைகோடு? ஒரே சீரான சரிவில் சமவுயரக் கோடு நேராகவே ஓடும், அப்போது அந்தப் பெயரை என்ன செய்வது? மலைநாட்டில் வளைவு என்றால் முதலில் பாதைதான் ஞாபகம் வரும். கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகிற வழியிலிருக்கும் 18 வளைவைத் தெரியாதவர் யார்?

சுத்தத் தமிழ் வேண்டும் என்கிறவர்களுக்கு "சம" உறுத்தும். தூய்மை எனக்கும் பிடிக்கும், ஆனால் தோட்டத்தில் எழுத்தே படிக்காதவர் கூட "சமமா பங்கு வை" என்று சொல்கிற சொல்லை வெளியே தள்ளிவிட்டு ஒப்புயரக் கோடு என்று புதிதாக ஒன்றைச் செய்தால், கூட்டத்தில் அதையும் ஒருவர் நின்று விளக்க வேண்டும். நானே ஒரு காலத்தில் "மட்டக் கோடு" நல்லது என்று நினைத்திருந்தேன். கடல் மட்டம் இருக்கிறது, மட்டம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஆனால் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அடிமட்டம் என்றால் கோடு போடுகிற கருவி, அதனால் மட்டக் கோடு என்றதும் அடிமட்டம் வைத்து நேராக இழுத்த கோடுதான் மனதில் வரும். விட்டுவிட்டேன்.

பொருள் தவறினால் இங்கே நட்டம் பெரியது. 1:50,000 படத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது தரையில் 500 மீற்றர். கோடுகளுக்கிடையே உயர வித்தியாசம் 20 மீற்றர் என்று வையுங்கள். 4 மில்லிமீற்றருக்குள் 6 கோடுகள் நெருங்கி நின்றால், 200 மீற்றர் தூரத்துக்குள் நிலம் 100 மீற்றர் ஏறுகிறது, ஏறக்குறைய 27 பாகைச் சரிவு. நம் லயத்துக்கு மேலே கோடு நெருக்கமா, ஐதா என்று பார்க்கத்தான் அந்தப் படம். உள்ளே, வெளியே என்று தேடினால் பார்க்க வேண்டியது கண்ணில் படாது. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த பிறகும் இந்தச் சொற்களை ஏனோதானோ என்று போடுகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை. அறிவித்தலைத் தமிழில் போட்டாயிற்று என்று கணக்குக் காட்டினால் போதும் என்றாகிவிட்டது. அதைப் படித்துவிட்டு ஒருவர் என்ன செய்வார் என்று மொழிபெயர்த்தவரும் யோசிப்பதில்லை, அச்சுக்கு அனுப்பியவரும் யோசிப்பதில்லை.

அன்றைக்குப் பாட்டிக்கு நான்தான் பதில் சொன்னேன். கடும் வெயிலில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியுமே, அப்போது கரையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். தண்ணீர் தங்கித் தங்கி இறங்கிய இடமெல்லாம் செம்மண்ணில் படிப்படியாகத் தடம் விழுந்திருக்கும், ஒவ்வொரு தடமும் கரை முழுக்க ஒரே உயரத்தில் ஓடும். பாட்டி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "அப்ப நம்ம கான் வெட்டுற மாதிரி, மேல கீழ போகாம மலைய சுத்திக்கிட்டே போறது" என்றார். தேயிலை மலையில் கான், அதாவது வடிகால், வெட்டும்போது தண்ணீர் ஓட லேசாகச் சாய்வு விடுவார்கள், அந்தச் சாய்வு மட்டும் சமவுயரக் கோட்டில் கிடையாது என்றேன். பிறகு அவரே படத்துக்குக் கிட்டப்போய், எங்கள் லயத்துக்கு மேலே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிற இடத்தில் விரலை வைத்தார்.

எழுதும்போது "சமவுயரக் கோடு" என்றே எழுதுங்கள். "சம உயர் கோடு" என்று போட்டால் உயரமான கோடு என்றாகிவிடும்.