பேடா, ஸ்டிக்கா, வெறும் பட்டனா?

சண்டை வீடியோ விளையாட்டுக்கு எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம்: கையில் பிடிக்கும் பேடா, லீவர் வைத்த ஸ்டிக்கா, எல்லாமே பட்டன்களான லீவர்லெஸ்ஸா? டெக்கன் என்ற சண்டை விளையாட்டில் கசுயா என்ற வீரனை எடுக்கிற எவருக்கும் ஒரு குத்தின் மேல் தீராத ஆசை உண்டு. முழுப்பெயர் எலெக்ட்ரிக் விண்ட் காட் ஃபிஸ்ட். ஆடுகிறவர்களுக்கு வெறும் ‘எலெக்ட்ரிக்’. முன்பக்கம் ஒரு தட்டு, உடனே விரலை எடுக்க வேண்டும், அடுத்து கீழே, அங்கிருந்து கீழுக்கும் முன்னுக்கும் நடுவிலுள்ள மூலை. அந்த மூலை பதிவாகிற அதே ஃப்ரேமில் வலது கைக் குத்துக்கான பட்டனும் பதிவாக வேண்டும். பிசகினால் சாதாரண விண்ட் காட் ஃபிஸ்ட்தான் வரும். எலெக்ட்ரிக்கை எதிராளி தடுத்தாலும் அடுத்த நகர்வில் முந்திக்கொள்வது நீங்கள்தான். சாதாரணத்தைத் தடுத்துவிட்டான் என்றால் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு ஃப்ரேம் என்பது எவ்வளவு நேரம்? இந்த வகை விளையாட்டுகள் நொடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் ஓடுகின்றன. 1000 மில்லி நொடியை 60 ஆல் வகுத்தால் சுமார் 16.7. கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கை அசைய நமக்கு 200 மில்லி நொடியாவது பிடிக்கும். அதற்குள் 12 ஃப்ரேம் ஓடிவிடும். ஆகவே எலெக்ட்ரிக் என்பது பார்த்துப் போடுகிற அடியே அல்ல. விரல்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அடி. எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம் என்ற கேள்விக்கு இந்த ஒரு குத்தை வைத்தே முக்கால்வாசி பதில் சொல்லிவிடலாம்.

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கேம் சென்டர்களில் பெரும்பாலும் கால்பந்துதான் ஓடும் (கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேறென்ன ஓடும்). ஏதாவது ஒரு மூலை டிவியில்தான் டெக்கனோ ஸ்ட்ரீட் ஃபைட்டரோ. அங்கே அடிக்கடி காதில் விழுவது இது: “ண்ணா, ஆளு தானா நடக்கறான்ணா, வேற பேடு குடுண்ணா.” கல்லாவில் இருப்பவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: “அந்த ஸ்டிக்க நாலு சுத்து சுத்தி வுடுடா, சரியாப்பூடும்.” சுற்றினால் சரியாவதும் உண்டு, கொஞ்ச நேரத்துக்கு.

பேடின் அந்தக் குமிழ் போன்ற அனலாக் ஸ்டிக்குக்கு அடியில் இரண்டு பொட்டன்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று இடம் வலத்துக்கு, இன்னொன்று மேல் கீழுக்கு. உள்ளே ஒரு கார்பன் பட்டை, அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் மெல்லிய உலோக நாக்கு. நாக்கு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். அதைப் படித்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சிப் தெரிந்துகொள்கிறது. உரசி உரசிப் பட்டை தேயும், தூள் சேரும். கையை எடுத்த பிறகும் ‘கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கிறது’ என்று சிப்புக்குத் தவறான சேதி போகும். நான்கு சுற்று சுற்றும்போது தூள் விலகுகிறது, அவ்வளவுதான். இப்போது ‘ஹால் எஃபெக்ட்’ என்று பெட்டியிலேயே அச்சடித்து விற்கும் பேடுகளில் உரசலே கிடையாது. ஸ்டிக்கின் அடியில் காந்தம், அது நகரும்போது மாறும் காந்தப்புலத்தை அளக்க ஒரு சென்சார். எட்வின் ஹால் 1879 இல் கண்டறிந்த விளைவு இது. நல்ல விஷயம்தான். ஆனால் சண்டை விளையாட்டுக்காக மட்டும் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பேன். பேடில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் திசைக்கு நம்புவது அனலாக் ஸ்டிக்கை அல்ல, அம்புக்குறி பட்டனை.

அம்புக்குறி பட்டனைத் திறந்தால் ஒரு ரப்பர் விரிப்பு, அதில் நான்கு குமிழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு. கீழே இருக்கும் சர்க்யூட்டில் இரண்டு தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் பின்னிக்கொண்டு நிற்கும். அழுத்தும்போது கறுப்புப் பொட்டு இரண்டின் மேலும் படிந்து பாதையை மூடுகிறது. ப்ளேஸ்டேஷன் பேடில் நான்கு அம்புகளும் தனித்தனியாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரே துண்டுதான். நடுவில் ஒரு முட்டின் மேல் அது சாய்ந்தாடும். அதனால்தான் இடமும் வலமும் ஒரே சமயத்தில் அழுந்துவதில்லை. கட்டைவிரலைக் கீழிருந்து முன்னால் உருட்டினால் வழியில் மூலை தானாகக் கிடைக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஹடோகென் என்ற சக்திப் பந்தை வீசக் கீழ், மூலை, முன் என்று ஒரே உருட்டல் போதும். அதற்குப் பேடைவிட வசதியானது இல்லை.

சிக்கல் எங்கே என்றால், ரப்பர் அழுந்துவது படிப்படியாக. எந்தக் கணத்தில் பாதை மூடியது என்று விரலுக்குத் துல்லியமாகத் தெரியாது. பொட்டு பழசாகிப் பளபளக்க ஆரம்பித்துவிட்டால் இன்னும் மோசம். அமுக்கு அமுக்கு என்று அமுக்க வேண்டும். கேம் சென்டர் பேடுகளில் கட்டைவிரல் தோல் உரிவது இதனால்தான்.

இந்த ‘எந்தக் கணம்’ என்பதில்தான் எலெக்ட்ரிக்கின் உயிர் இருக்கிறது. மூலையும் குத்துப் பட்டனும் 2 மில்லி நொடி வித்தியாசத்தில் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மனிதக் கைக்கு அது அபாரமான துல்லியம். ஆனால் உங்கள் விரலோடு சேர்ந்து கன்சோலின் ஃப்ரேம் தொடங்காது. அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த 2 மில்லி நொடிக்கு நடுவில் ஒரு ஃப்ரேம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டால், இரண்டும் வெவ்வேறு ஃப்ரேம் ஆகிவிடும். அதற்கான வாய்ப்பு 16.7 இல் 2, கிட்டத்தட்ட 12 சதவீதம். வித்தியாசம் 8 மில்லி நொடி என்றால் வாய்ப்பு 48 சதவீதம், காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். “அதே மாதிரிதான்டா அமுக்கினேன், இப்ப வரல” என்று ஒருவன் புலம்பினால் அவன் பொய் சொல்லவில்லை.

இனி ஆர்கேட் ஸ்டிக். நடுவில் ஸ்பிரிங் போட்ட ஒரு லீவர், சுற்றிலும் நான்கு மைக்ரோ சுவிட்சுகள். 1932 இல் அமெரிக்காவில் பீட்டர் மெக்கால் உருவாக்கிய சுவிட்ச் வகை இது. உள்ளே இருக்கும் வளைந்த உலோகத் தகடு ஒரு எல்லை வரை அழுத்தத்தைத் தாங்கும். எல்லை தாண்டியதும் சட்டென்று மறுபக்கம் துள்ளும். மெதுவாக அமுக்கினாலும் வேகமாக அமுக்கினாலும் மாறுவது ஒரே துள்ளலில்தான், ‘டிக்’ என்ற சத்தத்தோடு. ரப்பரில் இல்லாத தெளிவு இது. துள்ளிய உலோகம் சில மில்லி நொடிகள் அதிர்ந்து தொட்டுத் தொட்டு விலகும். அதை ஐந்தாறு அழுத்தல்களாக எண்ணிவிடாமல் சிப்பின் நிரல் வடிகட்டிக்கொள்கிறது.

சான்வா போன்ற ஜப்பானிய லீவர்களில் அடியில் ஒரு சதுரச் சட்டம் இருக்கும். அதுதான் லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேலி. புதிதாகப் பிடிப்பவர்கள் வட்டமாகவோ எண்கோணமாகவோ இருந்தால் நன்றாயிருக்குமே என்பார்கள். ஆனால் சதுரத்தின் மூலைகள்தான் கீழ்-முன், கீழ்-பின் எல்லாம். ராயபுரத்துக் கேரம் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்: கட்டையை ஒட்டி உருளும் காய் கடைசியில் பாக்கெட்டில்தான் போய் நிற்கும், அப்படித்தான் லீவரும் சட்டத்தை ஒட்டிச் சறுக்கி மூலையில் நிற்கிறது. டெக்கன்காரர்கள் பலர் விரும்பும் கொரிய லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதில் கெட்டியான ரப்பர் வளையம். கையை விட்டால் லீவர் வெடுக்கென்று நடுவுக்கு வந்து நிற்கும். ‘முன், கையெடு, கீழ்’ என்ற எலெக்ட்ரிக்கின் அந்தக் கையெடுப்புக்கும், பின்னால் தாவித் தாவிப் போவதற்கும் அது தோது.

ஆனால் லீவர் ஒரு தூரத்தைக் கடந்தாக வேண்டும். இடமிருந்து வலம் போக நடுவைத் தாண்டித்தான் போக முடியும். எலெக்ட்ரிக்கில் மூலை என்பது ஓடிக்கொண்டிருக்கும் கையின் பாதையில் எங்கோ ஒரு புள்ளி. இடது மணிக்கட்டு அந்தப் புள்ளியை எட்டும் கணத்தை ஊகித்து வலது கை பட்டனைத் தட்ட வேண்டும். கொரியர்கள் இதைப் பழகிக் காட்டியிருக்கிறார்கள், உண்மைதான். அதற்குக் கொடுக்கும் விலை பல மாதங்கள்.

லீவரையே தூக்கிவிட்டு நான்கு திசைகளையும் பட்டன்களாக்கியதுதான் லீவர்லெஸ். ஹிட் பாக்ஸ் என்ற நிறுவனத்தின் பெயராலும் சொல்கிறார்கள். இடம், கீழ், வலம் மூன்றும் மூன்று விரல்களுக்கு அடியில், குதிப்பதற்குக் கட்டைவிரல். விரல் எங்கும் பயணிப்பதில்லை, ஏற்கனவே பட்டன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எலெக்ட்ரிக்கின் கணக்கே இதில் மாறிவிடுகிறது. முன் பட்டனைத் தட்டி விடு, கீழ் பட்டனைப் பிடி, பிறகு முன் பட்டனையும் குத்துப் பட்டனையும் ஒன்றாகத் தட்டு. ஓடும் பாதையில் புள்ளி தேடுகிற வேலை போய், இரண்டு விரல்களை ஒரே நேரத்தில் இறக்குகிற வேலை வருகிறது. நம் கைக்கு இரண்டாவதுதான் எளிது. கைதட்டத் தெரிந்த குழந்தைக்கே தெரியும். சந்தேகமிருந்தால் மேஜையில் இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். பிறகு ஒரு கையை மேஜை மேல் வளைத்து இழுத்துக்கொண்டே, பாதி வழியில் மறு கையால் தட்டிப் பாருங்கள்.

லீவருக்கு வராத ஒரு வில்லங்கம் இதற்கு வரும். இடத்தையும் வலத்தையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்? லீவரால் இரண்டு பக்கமும் சாய முடியாது என்பதால் பழைய விளையாட்டுகளில் அந்தக் கேள்வியே எழவில்லை. லீவர்லெஸ்ஸுக்குள் இருக்கும் நிரல்தான் இதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். போட்டிகளில் பொதுவாக ஏற்கப்படுவது, இரண்டும் சேர்ந்தால் எதுவுமே இல்லை, அதாவது நடுநிலை. கடைசியாக அமுக்கியதே செல்லும் என்று வைத்தால் பின்னால் தடுத்துக்கொண்டே முன்னால் தட்டி லீவர்காரர்கள் கனவிலும் செய்ய முடியாததைச் செய்யலாம். வாங்குமுன் இந்த அமைப்பை மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் பேடை மட்டம் தட்டக் கூடாது. சண்டை விளையாட்டுகளுக்கென நடக்கும் ஈவோ போட்டியில், 2014 இல், அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தைப் பிரான்ஸின் லஃபி வென்றது முதல் ப்ளேஸ்டேஷனின் பழைய பேடில். ஆறு பட்டன் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் வலது கட்டைவிரலுக்கு வேலை அதிகம், இரண்டு அடிகள் பேடின் மேல்விளிம்பிலுள்ள தோள்பட்டன்களுக்குப் போய்விடும். அதையும் மீறித்தான் ஜெயித்தார்.

விரலுக்குப் பிறகு மின்சாரத்தின் பங்கு சொற்பம். கன்சோலோ கணினியோ யுஎஸ்பி கருவியிடம் ‘ஏதாவது உண்டா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நொடிக்கு 125 முறை கேட்டால் அதிகபட்சக் காத்திருப்பு 8 மில்லி நொடி, 1000 முறை கேட்டால் 1. பெட்டியில் பெரிதாகப் போடும் எண் இதுதான். சராசரியில் மிச்சமாவது கால் ஃப்ரேம்கூட இல்லை. ஒரு ரூமில் எட்டு பத்து பேடுகள் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசிக்கொண்டிருக்கும் கேம் சென்டரில் ஒயர் போட்டு ஆடுவது புத்திசாலித்தனம். அதைவிடப் பெரிய திருடன் டிவி. படத்தை மெருகேற்றுகிறேன் என்று சில டிவிகள் 50 மில்லி நொடிக்கு மேல் விழுங்கும். மூன்று ஃப்ரேம் போச்சு. கன்ட்ரோலருக்குச் செலவழிக்குமுன் ரிமோட்டை எடுத்து ‘கேம் மோட்’ போடுங்கள். காசு செலவில்லை.

பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் ஒயர் போட்ட நல்ல பேட். கையில் எடுத்து அம்புக்குறியை மெதுவாக உருட்டுங்கள். மூலைகள் தடங்கலில்லாமல் வருகின்றனவா பாருங்கள். கசுயா மாதிரி ஆட்களோடு வாழ்நாளைக் கழிப்பது என்று முடிவாகிவிட்டால் லீவர்லெஸ். ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன போர்டில் ஜிபி2040-சிஇ என்ற இலவச நிரலை ஏற்றி, பட்டன்களைச் சால்டர் செய்து நீங்களே கட்டலாம். ரிச்சி தெருவில் போர்டு, ஒயர் எல்லாம் கிடைக்கும். லீவர் மேல் காதல் இருந்தால் ஸ்டிக். காதலுக்கு யார் காரணம் கேட்பது?

காசு கொடுக்குமுன் எந்தக் கன்சோலுக்கு என்று கேட்டுவிடுங்கள். பிஎஸ்5-உம் (ப்ளேஸ்டேஷன் 5) எக்ஸ்பாக்ஸும் உரிமம் பெற்ற கருவிதானா என்று சோதிக்கும்; ஒன்றுக்கென வந்தது பொதுவாக மற்றதில் ஓடாது. உரிமமில்லாத போர்டை பிஎஸ்4 எட்டு நிமிடத்தில் துண்டித்துவிடும். கடைக்காரர் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினால், “இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடட்டும்ணே” என்று சொல்லி அங்கேயே நில்லுங்கள்.